சுவருக்கு வெளியே ஒரு சுவர்

1973-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள், அமெரிக்காவின் சிகாகோ நகரில், நிர்மாண வேலை முடியும் தறுவாயிலிருந்த ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியின் தலைமை அலுவலகக் கட்டடத்திலிருந்து, சுமார் 350 பவுண்டு எடையுள்ள சலவைக்கல் பலகை ஒன்று பிடி கழன்று, அருகிலிருந்த புரூடென்ஷியல் கட்டடத்தின் கூரையைத் துளைத்துக்கொண்டு விழுந்தது. எண்பத்து மூன்று மாடிகளும் 1,136 அடி உயரமும் கொண்ட அந்தப் பிரமாண்டமான கோபுரத்தின் மேனி முழுவதையும், எட்வர்டு ட்யூரெல் ஸ்டோன் என்ற கட்டடக் கலைஞரின் திட்டப்படி, இத்தாலி தேசத்துக் கராரா மலைகளில் வெட்டியெடுத்த வெண்ணிறச் சலவைக்கல்லால் போர்த்தியிருந்தார்கள். பலகைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய 43,000. அவற்றுள் ஒன்று விழுந்ததைத் தனியொரு விபத்தாகக் கருதிவிட அப்போது இடமிருந்தது. ஆனால் இருபது ஆண்டுகள் நிறைவதற்கு முன்பே அத்தனை பலகைகளையும் கழற்றி இறக்கிவிட்டு, அதே கட்டடத்துக்கு வேறொரு கல்லால் புதிய மேலுறை பூட்ட வேண்டிய நிர்ப்பந்தம் வந்தது. பழைய வணிகக் கட்டடங்கள் பல தம் வெளித்தோற்றத்தை மாற்றிக்கொண்டிருக்கின்றன. ஆயினும் அந்தக் காரியத்தின் பின்னேயுள்ள சாஸ்திரத்தை இந்தக் கட்டடத்தின் சரித்திரத்தைப் போலத் தெளிவாகக் கற்பிப்பது வேறொன்று இல்லை என்பது என் அபிப்பிராயம்.

கராராவின் சலவைக்கல் நேற்றுக் கண்டெடுத்த பதார்த்தமன்று. ரோமாபுரியில் கி.பி. 113-இல் நிறுவப்பட்ட டிராஜன் சக்கரவர்த்தியின் ஸ்தம்பம் அந்தக் கல்லால் ஆனது. மைக்கேலாஞ்சலோ தமது டேவிட் சிலையைச் செதுக்கியதும் அதே கல்லில்தான். பத்தொன்பது நூற்றாண்டுகள் வெயிலிலும் மழையிலும் நின்ற கல், சிகாகோவில் பன்னிரண்டு ஆண்டுகளில் தளர்ந்துபோவானேன் என்ற கேள்விக்கு விடையில் ஒரு பாதி அதன் கனத்தில் இருக்கிறது. ஸ்தம்பத்தின் கல், டன் கணக்கில் எடையுள்ள பெரும் உருளைகளாக, தன் பாரத்தாலேயே ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்து நிற்பது. சிகாகோக் கட்டடத்தின் கல்லோ ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலக் கனமே உடையது. எதையும் தாங்காமல், உருக்குச் சட்டத்தில் பொருத்திய பிடிகளில் தொங்கிக்கொண்டிருந்தது.

இப்படித் தொங்கவிடும் முறை தோன்றியதே சிகாகோவில்தான் என்று சொல்வது பெரும்பாலும் பொருந்தும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், கட்டடத்தின் பாரத்தைச் சுவர்கள் சுமக்கும் பழைய முறையை விட்டு, உலோகத் தூண்களும் உத்தரங்களும் சுமக்கும் புதிய முறையை அந்நகரத்துப் பொறியாளர்கள் பரவலாகக் கையாளத் தொடங்கினார்கள். அதனால் சுவருக்குச் சுமை தாங்கும் கடமை போய், வெயில், மழை, காற்று, குளிர் ஆகியவற்றை வெளியே நிறுத்தும் கடமை மட்டும் எஞ்சியது. அதற்கேற்ப அது மெலிந்துகொண்டே வந்தது. வைரப் பற்கள் பதித்த இயந்திர ரம்பங்கள் வந்தபின், கல்லைப் பலகை போல அறுப்பது எளிதாயிற்று. மெல்லிய கல் மலிவு, எடையும் குறைவு. ஆனால் ஒரு பலகை வளைவை எதிர்த்து நிற்கும் வலிமை அதன் கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கனத்தைப் பாதியாகக் குறைத்தால் வலிமை கால்பங்காகிவிடுகிறது. உயர்ந்த கட்டடத்தின்மேல் வீசும் காற்று, மோதும் பக்கத்தில் பலகையை உள்ளே தள்ளுவதோடு நில்லாமல், மற்றப் பக்கங்களிலும், விசேஷமாக மூலைகளிலும், அதை வெளியே பற்றி இழுக்கவும் செய்கிறது. மெல்லிய பலகைக்கு இந்த இழுப்பே பெரிய சோதனை.

விடையின் மறுபாதி கல்லின் உள்ளே இருக்கிறது. சலவைக்கல் என்பது கால்சைட் என்ற கனிமத்தின் சிறு சிறு படிகங்கள் நெருக்கமாக ஒட்டிய கூட்டம். உஷ்ணம் ஏறினால் பொருள்கள் எல்லாத் திசையிலும் விரியும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். கால்சைட் படிகம் அந்த விதிக்கு அடங்குவதில்லை. ஒரு மீட்டர் நீளமுள்ள கால்சைட் படிகம் இருப்பதாகப் பாவித்து, அதன் உஷ்ணத்தை 100 டிகிரி செல்சியஸ் உயர்த்தினால், அதன் அச்சுத் திசையில் அது ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் நீளும்; அச்சுக்குக் குறுக்கான திசையிலோ ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் சுருங்கும். சலவைக்கல்லில் அடுத்தடுத்த படிகங்களின் அச்சுகள் வெவ்வேறு திசையை நோக்குவதால், வெயில் பட்டவுடன் ஒன்று நீள, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் மற்றொன்று சுருங்க, இரண்டுக்கும் இடையிலுள்ள ஒட்டு சிறிது சிறிதாக அறுந்துகொண்டே போகிறது. குளிர்ந்த பிறகு படிகங்கள் பழைய அளவுக்குத் திரும்பினாலும், பழைய இடத்தில் கச்சிதமாகப் பொருந்துவதில்லை. பிளவுகளில் ஈரம் புகுந்து அவற்றை மூடவிடாமல் தடுக்கிறது. இவ்வாறு ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் கல் மிக நுண்ணிய அளவில் நிரந்தரமாகப் பருக்கிறது; பருக்கப் பருக்க வலிமை குன்றுகிறது. நாள்பட்டுப்போன சலவைக்கல்லின் விளிம்பை விரலால் தேய்த்தால் சர்க்கரையைப் போல வெண்துகள் உதிர்வது, ஒட்டு விட்டுப்போன படிகங்கள் தனித்தனியே கழன்று வருவதால்தான்.

பெரிய பாறையாக இருந்தால், இந்தத் தேய்வு மேற்புறத்தில் சில அங்குலங்களோடு நின்றுவிடும். உள்ளே கல் உறுதியாகவே இருக்கும். ஒன்றேகால் அங்குலப் பலகையில் ‘உள்ளே’ என்று சொல்ல இடமேது? தேய்வு ஊடுருவிச் சென்று மறுபுறத்தை எட்டிவிடுகிறது. அதோடு, பலகையின் வெளிமுகம் படும் வெயிலும் மழையும் வேறு, உள்முகம் காணும் உஷ்ணமும் ஈரமும் வேறு. ஒரு முகம் அதிகமாகவும் மறுமுகம் குறைவாகவும் பருக்க, வெயிலில் காயப்போட்ட அப்பளம் போலப் பலகை வளைகிறது. சிகாகோவின் சீதோஷ்ணமோ கடுமையானது. கோடையில் வெயில் நேரே படும் கல்லைத் தொட முடியாது. 1985 ஜனவரியில் அந்நகரத்தின் உஷ்ணநிலை பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது.

அதே 1985-இல்தான் கட்டடத்தின் மேலுறையை முறையாகப் பரிசோதித்தார்கள். பலகைகள் வெளிப்புறமாகப் புடைத்திருந்தன. சில, ஓர் அங்குலத்துக்கும் மேல். உலோகப் பிடிகள் கல்லைக் கவ்வும் இடங்களில் விரிசல்கள் ஓடியிருந்தன. கழற்றி எடுத்துச் சோதித்த பலகைகள் தம் ஆதி வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கை இழந்திருப்பதாகத் தெரிந்தது. முதற்காரியமாக, துருப்பிடிக்காத உருக்குப் பட்டைகளைக் குறுக்கே பூட்டி, பலகைகள் விழாமல் தடுத்துவைத்தார்கள். அந்த ஏற்பாடு அவகாசம் தேடித் தந்ததேயன்றி நோயைத் தீர்க்கவில்லை. 1990 முதல் 1992 வரை நடந்த வேலையில், வட கரோலினா மாகாணத்து மவுண்ட் ஏரியில் வெட்டிய வெண்ணிறக் கிரானைட் பலகைகள் எல்லாச் சலவைக்கல்லின் இடத்தையும் பிடித்தன. செலவு எட்டுக் கோடி டாலருக்கு மேல்.

புதிய பலகையின் கனம் இரண்டு அங்குலம். ஒன்றேகால் அங்குலத்தோடு ஒப்பிட்டால் கனம் 1.6 மடங்கு, முன்பு சொன்ன வர்க்கக் கணக்குப்படி, கல்லின் வேறுபாட்டைக் கருதாமலே, வளைவை எதிர்க்கும் வலிமை இரண்டரை மடங்கு. ஆனால் எடையும் அதே 1.6 மடங்கு ஏறுகிறது என்பதை மறக்கலாகாது. கட்டடத்தின் எலும்புக்கூடு அந்தக் கூடுதல் பாரத்தைச் சுமக்குமா என்று கணக்கிட்டுப் பார்க்காமல் ஒரு பலகையைக்கூட மேலே ஏற்ற முடியாது. மேலுறை மாற்றும் எந்த வேலைக்கும் இதுவே முதல் கணக்கு. கிரானைட், பூமிக்குள் உருகிய குழம்பு ஆறி இறுகியபோது பலவகைக் கனிமப் படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு உருவான கல். சூடேறி ஆறும்போது நிரந்தரமாகப் பருத்து வளையும் குணம் அதில் மிகக் குறைவு.

இறக்கிய சலவைக்கல் என்னவாயிற்று என்று வாசகர் கேட்கக்கூடும். மூன்றில் இரண்டு பங்கை உடைத்து, அந்தக் கம்பெனியின் வைட்டிங் நகர எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் தோட்டங்களில் அலங்காரமாகப் பரப்பினார்கள். ஒரு பகுதி ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று. இன்னொரு பகுதியை அங்கஹீனமுற்ற தொழிலாளர்கள் பரிசுப் பொருள்களாகச் செதுக்கினார்கள்.

மெல்லிய சலவைக்கல் வளையும் என்பதை அந்தக் காலத்தில் யாரும் அறியவில்லை என்று சொல்ல முடியாது. இதுதான் எனக்கு வருத்தம் தரும் விஷயம். கல்லறைத் தோட்டங்களில் சலவைக்கல் பலகைகள் வளைந்து கிடப்பதை மேல்நாட்டார் நெடுநாளாகவே கண்டிருந்தார்கள். ஆர்கான் வாயுவைக் கண்டவர்களுள் ஒருவரான ராலே பிரபுவின் புதல்வர், தாமும் அதே பட்டத்தைத் தரித்த விஞ்ஞானி, சலவைக்கல்லின் வளைவைப் பற்றி லண்டன் ராயல் சொஸைட்டியின் வெளியீட்டில் 1934-லேயே எழுதினார். பௌதிக விஞ்ஞானியின் மேசையிலிருந்த அந்த அறிவு, கட்டடக் கலைஞரின் மேசைக்கு வந்து சேரவில்லை. அவ்வளவு ஏன், சிகாகோவின் அனுபவம் வெளியான பிறகும் ஹெல்சிங்கி நகரத்தில் என்ன நடந்தது? ஆல்வார் ஆல்ட்டோ திட்டமிட்டு 1971-இல் திறக்கப்பட்ட ஃபின்லாந்தியா மண்டபமும் கராராக் கல்லால் போர்த்தியதே. அதன் மூன்று சென்டிமீட்டர் பலகைகள் வளைந்து வலுவிழந்தபோது, அந்த மண்டபம் தேசத்தின் பாரம்பரியச் சின்னம் என்பதால் அதன் சௌந்தரியம் மாறக் கூடாதென்று கருதி, 1990-களின் கடைசியில் மறுபடியும் கராராச் சலவைக்கல்லையே பதித்தார்கள், அதுவும் வளைந்தது. 2022-இல் தொடங்கிய புனருத்தாரணத்தில்தான், வடக்கு இத்தாலியின் லாசா என்னும் ஊரின் சலவைக்கல்லுக்கு மாறினார்கள். தோற்றத்தைக் காக்கவேண்டும் என்ற எண்ணம் போற்றத்தக்கதே. ஆனால் சுபாவம் தெரிந்த ஒரு கல்லை அதே கனத்தில் அதே குளிரில் இரண்டாம் முறை தொங்கவிட்டதை என்னால் ஏற்றுக்கொள்ள இயலவில்லை.

தோற்றத்தைக் காத்துக்கொண்டே பதார்த்தத்தை மாற்றுவது சாத்தியம் என்பதற்கு நியூயார்க்கின் லீவர் ஹவுஸ் நல்ல உதாரணம். கண்ணாடியால் போர்த்திய அலுவலகக் கட்டடங்களுக்கெல்லாம் முன்னோடியாக 1952-இல் எழுந்த அந்தக் கட்டடத்தில், கண்ணாடியைத் தாங்கிய உலோகச் சட்டங்களுக்குள் மழைநீர் புகுந்தது. உள்ளேயிருந்த இரும்பு துருவேறிப் பருத்து, கண்ணாடிகளை நெரித்து உடைத்தது. 1990-களின் நடுவில் ஆதிக் கண்ணாடியில் நூற்றில் ஒரு பங்கே மிஞ்சியிருந்தது. 2001-இல் முடிந்த வேலையில் சட்டங்களையும் கண்ணாடியையும் முழுவதும் புதிதாக அமைத்தார்கள்; தெருவில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது பழைய லீவர் ஹவுஸாகவே தெரிந்தது.

இந்த அனுபவங்களிலிருந்தெல்லாம் இன்றைய பொறியாளர்கள் ஒரு முறையைக் கண்டிருக்கிறார்கள். முன்பு வெளிச்சுவரை நீர் புகாதபடி அடைத்துவிட முயன்றார்கள். அடைப்பு என்றைக்காவது ஓரிடத்தில் விட்டுப்போகும், உள்ளே புகுந்த நீருக்கு வெளியேற வழியிராது. இப்போதைய முறையில், பழைய சுவருக்கு வெளியே உலோகத் தாங்கிகளைப் பொருத்தி, சுவரின்மேல் வெப்பம் கடத்தாத ஒரு போர்வையை ஒட்டி, அதற்கு வெளியே சில அங்குல இடைவெளி விட்டு, கல்லோ உலோகமோ சுட்ட மண்ணோ ஆன மேலுறையைத் தொங்கவிடுகிறார்கள். மழையின் பெரும்பகுதியை மேலுறை தடுக்கிறது. தப்பி நுழையும் சிறிது நீரும் இடைவெளியில் வழிந்து கீழே வெளியேறுகிறது. கீழும் மேலும் திறப்பு உள்ளதால் காற்று ஓடி ஈரத்தை உலர்த்துகிறது. பலகைகளுக்கு இடையே விடும் சந்துகளும் கணக்கோடு விடப்படுபவை. மூன்று மீட்டர் நீளமுள்ள அலுமினியத் தகடு 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் நீளுகிறது. அதற்கு இடம் விடாமல் இறுக்கினால் தகடு புடைக்கும், திருகாணி கழலும்.

இத்தனை நன்மை தரும் இந்த இடைவெளிக்கே ஒரு பயங்கரமான மறுபக்கம் உண்டு. அடிமுதல் முடிவரை திறந்த சந்து, தீப்பிடித்தால் புகைபோக்கியாகிவிடுகிறது. சூடான வாயு மேலே விரைய, கீழிருந்து புதிய காற்று பாய, நெருப்பு மிக வேகமாக மாடி மாடியாக ஏறும். அதைத் தடுக்க ஒவ்வொரு தளத்திலும் ஜன்னல் ஓரங்களிலும் தீத்தடுப்புப் பட்டிகள் வைக்க வேண்டும். மேலுறையும் உட்போர்வையும் தீக்கு இரையாகாத பொருளால் ஆகியிருக்க வேண்டும். லண்டனின் கிரென்ஃபெல் கோபுரம் அலுவலகக் கட்டடமன்று, குடியிருப்பு. எனினும் மேலுறையைப் பற்றி எழுதும் எவரும் அதைச் சொல்லாமல் கடந்து செல்லலாகாது. 1970-களில் கட்டி, 2016-இல் புதிய மேலுறை போர்த்தி முடித்த அந்த இருபத்து நான்கு மாடிக் கட்டடத்தில், 2017 ஜூன் 14-ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், நான்காம் மாடி வீடொன்றின் சமையலறையில் குளிர்பதனப் பெட்டியில் எழுந்த தீ, ஜன்னல் வழியே மேலுறையைப் பற்றி, அரை மணி நேர அளவில் உச்சியைத் தொட்டது. எழுபத்திரண்டு பேர் மாண்டார்கள். தீ பரவியதற்குப் பிரதான காரணம் மேலுறைத் தகட்டின் நடுவிலிருந்த பாலிதீன் என்று விசாரணைக் குழு கண்டது.

அந்தத் தகட்டை நம் வாசகர் அநேகமாகத் தினந்தோறும் பார்க்கிறார்கள். பழைய ஜவுளிக்கடைக்கோ நகைக்கடைக்கோ ‘எலிவேஷன்’ போடுகிறோம் என்று சாரம் கட்டி, பத்து நாளில் பளபளக்கும் முகப்பு எழுப்புகிறார்களே, அங்கே ஏறும் ஏ.சி.பி. ஷீட்டும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வெட்டிய விளிம்பைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் அதன் அமைப்பு புலப்படும்: இரு பக்கமும் அரை மில்லிமீட்டரோ அதனினும் மெல்லியதோ ஆன அலுமினியத் தகடு, நடுவே மூன்று மில்லிமீட்டர் அளவில் ஒரு மையம். அந்த மையம் வெறும் பாலிதீனாக இருந்தால், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2.8 கிலோ பாலிதீன் இருக்கும். எரியும்போது பாலிதீன் தரும் வெப்பம், அதே எடையுள்ள மண்ணெண்ணெய் தரும் வெப்பத்துக்கு ஒப்பானது. கணக்கிட்டால், முகப்பின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் மூன்றரை லிட்டர் மண்ணெண்ணெயைப் பூசிவைத்ததற்குச் சமம். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில்தான் உருகும். பாலிதீனோ அதற்கு வெகு முன்பே, 130 டிகிரிக்குள் இளகி வழியத் தொடங்கிவிடும். எரியாத கனிமப் பொடியைப் பெரும்பங்காகக் கலந்த மையமுள்ள ஷீட்டுகளும் கிடைக்கின்றன. விலை சற்றுக் கூடுதல். இரண்டையும் நிறத்தைக் கண்டோ எடையைத் தூக்கிப் பார்த்தோ பிரித்துவிடலாம் என்று நம்பக் கூடாது. பரிசோதனைச் சாலையின் சான்றிதழே பிரமாணம்.

நம் கடைத்தெருக்களில் இன்னொரு கெடுதலும் சேர்ந்துகொள்கிறது. முகப்பு ஒரே சீராக இருக்கவேண்டும் என்பதற்காகப் பழைய ஜன்னல்களையெல்லாம் ஷீட்டுக்குப் பின்னே மறைத்துவிடுகிறார்கள். அதன்மேல் விளம்பரப் பலகைக்கான மின்கம்பிகள் ஓடுகின்றன. உள்ளே தீப்பிடித்தால் புகை வெளியேற வழியில்லை, தீயணைப்பு வீரர் ஏணி வைத்து நுழையவும் வழியில்லை. பழைய சுவரின் நிலையையும் எவரும் பார்ப்பதில்லை. கடற்கரை நகரங்களில் உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது; துரு, இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கொள்வதால் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. அந்தப் பிளவைச் செப்பனிடாமல் ஷீட்டால் மூடினால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அது தொடர்ந்து வளரும். அதே சுவரில் அடித்த ஆணிகளே முகப்பின் பாரத்தையும் காற்றின் இழுப்பையும் தாங்கவேண்டியிருக்கும். சிறு சுத்தியலால் சுவரெங்கும் தட்டிப் பார்த்தால், உறுதியான இடம் கணீரென்றும் உள்ளே விட்டுப்போன இடம் பொள்ளென்றும் ஒலிக்கும். அனுபவமுள்ள மேஸ்திரி அரை நாளில் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக் காட்டிவிடுவார். பிறகு, சில ஆணிகளைப் பதித்து, கருவி கொண்டு இழுத்து, எத்தனை கிலோ இழுப்பில் அவை பெயர்கின்றன என்று அளந்து பார்க்க வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு, முகப்பின் மொத்தச் செலவில் அற்பம்.

ஆகவே, பழைய வணிகக் கட்டடத்துக்குப் புதிய முகப்புப் போட எண்ணியிருக்கும் அன்பர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: நிறமும் மினுமினுப்பும் தேர்ந்தெடுக்கும் முன், பழைய சுவரைத் தட்டிப் பார்த்த அறிக்கையைக் கேளுங்கள், எந்தத் தளத்தில் தீத்தடுப்புப் பட்டி வருகிறது, எந்த ஜன்னல் திறந்திருக்கப் போகிறது என்பதை வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள், ஷீட்டின் மையம் எதனால் ஆனது என்பதற்கான சான்றிதழைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு, அதன் பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள்.